ஏழாம் புட்டி

“ஒண்ணு, துத்தநாக சல்பேட்” என்று அவர் டீச்சரின் குரலில் வாசித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஒண்ணு, துத்தநாக சல்பேட்” என்று தன் குரலில் திருப்பிச் சொன்னார். சொன்ன பிறகுதான் கரண்டியைக் கையில் எடுத்தார்.

மறுநாள் செய்முறைத் தேர்வு. மதியம் மூன்று மணி வெயில் ஆய்வகத்தின் நீள மேசைகளில் விழுந்து, அமிலம் தின்ற தழும்புகளை எல்லாம் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தது. எட்டுப் புட்டிகள் கழுவித் துடைத்து வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஓர் எண் மட்டும் ஒட்டியிருந்தது. எந்த எண்ணுக்குள் எந்த உப்பு என்பது தலைமையாசிரியருக்கும், புது சாருக்கும், பரிசோதகருக்கும், இவருக்கும் மட்டும்தான் தெரியவேண்டும். பையன்களும் பெண்களும் உப்பைச் சூடாக்கி, அமிலம் விட்டு, தீயில் காட்டி, அது இன்னது என்று தாங்களே கண்டுபிடித்து எழுதவேண்டும்.

பள்ளிக்கூடம் முழுவதும் அவருக்கு ஒரே பெயர்தான், லேப் அண்ணன். தலைமையாசிரியர் அவரைவிட ஒரு வயது மூத்தவர், அவருக்கும் இவர் லேப் அண்ணன்தான்.

இருபத்திரண்டு வருடமாக இந்தப் புட்டிகளை நிரப்பும் வேலையை இரண்டு பேர் செய்தார்கள். டீச்சர் பட்டியலை வாசிப்பாள், இவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லி நிரப்புவார். ஆரம்பத்தில், அவர்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால், அவள் வாசிக்க வாசிக்க இவர் “சரி, சரி” என்று சொல்லிக்கொண்டே போனார். அவள் பட்டியலை மடித்து வைத்துவிட்டாள்.

“என்ன சரி?”

“நீங்க சொன்னது சரிங்க டீச்சர்.”

“நான் என்ன சொன்னேன்?”

அவர் தலையைச் சொறிந்தார்.

“சரிங்கிறது காதுல விழுந்ததுக்கு அத்தாட்சி இல்ல. வாய் இருக்குங்கிறதுக்கு அத்தாட்சி. என்ன கேட்டீங்களோ அதை அப்படியே திருப்பிச் சொல்லுங்க. தப்பா கேட்டிருந்தா அங்கேயே பிடிச்சிரலாம்.”

அன்றிலிருந்து ஆய்வகத்தில் அவர் வாயில் ‘சரி’ என்ற சொல் வந்ததில்லை. இரண்டு வருடம் கழித்து, “என்னைக் கட்டிக்கிறீங்களா?” என்று அவள் இதே மேசையோரம் கேட்டபோதும், “உங்களைக் கட்டிக்கிறேனான்னு கேட்டீங்க” என்றுதான் பதில் சொன்னார். அவள் சிரித்த சிரிப்பில் மேசையில் இருந்த சோதனைக் குழாய் ஒன்று உருண்டு விழுந்து உடைந்தது. டீச்சர் போய் அட்டெண்டரைக் கட்டிக்கொண்டதைப் பற்றி ஊர் ஆறு மாதம் பேசியது. பிறகு ஊருக்கு வேறு வேலை வந்துவிட்டது.

சிறுநீரகம் கெட்டுப் பதினோரு மாதம் படுத்திருந்து, சென்ற மழைக்காலத்தின் கடைசியில் அவள் போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. இப்போது வாசிக்கவும் ஆள் அவர்தான், திருப்பிச் சொல்லவும் ஆள் அவர்தான். முதலில் மனதுக்குள்ளேயே வாசித்துப் பார்த்தார். கை நகரவில்லை. அதனால்தான் இரண்டு குரல். அவள் குரல் அவருக்கு நன்றாகவே வந்தது. ஒவ்வொரு பெயரின் கடைசியிலும் கொஞ்சம் இழுத்து, குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல் மெதுவாக விடுவாள். அதுகூட வந்தது.

நாலு, அஞ்சு, ஆறு. புது சாரின் பட்டியல் கோழிக் கிறுக்கலாக இருந்தது. கண் அந்தக் கிறுக்கலில் நடக்க, வாய் அவள் குரலில் நடந்தது. ஏழு, எட்டு. மூடிகளை இறுக்கி, பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வேலை முடிந்த பிறகு அந்த அறை எவ்வளவு பெரியது என்று தெரிந்தது.

வாசலில் தலைமையாசிரியர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

“யாரோட பேசிட்டிருக்கீங்க?”

“புட்டியோட.”

தலைமையாசிரியர் உள்ளே வந்து ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “லேப் அண்ணே, பசங்க பாவம். டீச்சர் படுத்ததுல பாதி வருஷம் பாடமே நடக்கல. புது சார் வந்து மூணு மாசந்தான் ஆவுது. நாளைக்கு இவங்க கோட்டை விட்டா, ‘டீச்சர் செத்ததாலதான் எங்க புள்ள பெயிலாச்சு’ன்னு ஊர்ல பேசுவாங்க. உங்களுக்குத்தான் மனசு கஷ்டம். அதனால கொஞ்சம்… பாத்துக்கங்க.”

பாத்துக்கங்க என்றால் என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியும். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் தேர்வு நாளில் அட்டெண்டருக்குக் கண்ணும் கையும் பேசும். இங்கே மட்டும் பேசியதில்லை. டீச்சர் இருந்தாள்.

இவர் சன்னலைப் பார்த்தார். “சரி” என்றார்.

அந்தச் சொல் மேசையில் விழுந்து கிடந்ததுபோல் இருந்தது.

*

மறுநாள் எழுபத்திரண்டு பேர் மூன்று பிரிவாக வந்தார்கள். பரிசோதகர் வெளியூர்க்காரர், ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கிறவர், முட்டி வலி. நாற்காலியை விட்டு எழுந்திருக்க யோசித்தார். சீட்டுக் குலுக்கி எடுத்ததில் பிரிவுக்கு மூன்று பேர் வீதம் ஒன்பது பேருக்கு ஏழாம் புட்டி வந்தது.

லேப் அண்ணன் அமில ஜாடியைத் தூக்கிக்கொண்டு மேசைகளுக்கு நடுவே நடந்தார். அம்மோனியம் உள்ளவன் பக்கத்தில் மூக்கைத் தொட்டார். துத்தநாகத்துக்குக் காதைத் தேய்த்தார். பட்டியலில் ஏழாம் எண் கால்சியம் கார்பனேட், அதாவது சாக்பீஸ் தூள். அதற்கு, எழுதிவிட்டுக் கையைத் தட்டிக்கொள்கிற வாத்தியார்போல் இரண்டு உள்ளங்கையையும் தட்டிக் காட்டினார். பையன்கள் கற்பூரம். பாடத்தில் பிடிக்காத சூட்சுமத்தை இதில் ஒரே நொடியில் பிடித்துக்கொண்டார்கள். தட்டிக் காட்டிய பிறகு அவர் யார் மேசையையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தரையையே பார்த்து நடந்தார். வெட்கம்.

இரண்டாம் பிரிவில், கோடி மேசையில், தையல்காரர் மகள் நின்றிருந்தாள். அவளுக்குச் ‘சந்தேகம்’ என்று டீச்சர் வைத்த பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. டீச்சர் அதைக் கொஞ்சலாகச் சொன்னாள். மற்ற வாத்தியார்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்கள். வானத்தில் நிலா தேய்கிறது என்றால், தேய்ந்த பாதி எங்கே போனது என்று கேட்பாள். புத்தகத்தில் போட்டிருக்கிறது என்றால், புத்தகத்துக்கு யார் சொன்னது என்பாள்.

இவர் அவள் அருகே போய்க் கையைத் தட்டினார்.

அவள் அவரது கைகளைப் பார்த்தாள். “என்னண்ணே, கையில ஒண்ணும் ஒட்டலையே?”

பக்கத்து மேசையில் ஒருவன் கிளுக்கென்று சிரித்தான். இவர் காது சிவக்க நகர்ந்துபோனார்.

கொஞ்ச நேரத்தில் பரிசோதகர், அதிசயமாக எழுந்து, நொண்டிக்கொண்டு வந்து அவள் தாளை எடுத்துப் புரட்டுவது கேட்டது. “ஏம்மா, உனக்குக் கண்ணு சரியாத் தெரியுமா?” என்றார். “நிறம் பிரிச்சுத் தெரியுமான்னு கேக்குறேன்.”

இவர் அப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. அமில ஜாடி கனமாக இருந்தது.

*

பள்ளிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவள் டீச்சரின் தங்கை. டீச்சர் சின்னவளே என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, நாற்பத்தைந்து வயதிலும் அவள் சின்னவள்தான். தினம் மாலையில் அத்தானுக்கு ஒரு டப்பாவில் சோறும் குழம்பும் எடுத்து வைத்திருப்பாள். அவரும் தினம் “எதுக்கு இதெல்லாம்” என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொள்வார். வீட்டுக்குப் போய், சமையலறையில் நின்றபடியே தின்பார். நாற்காலி இரண்டு இருந்தது. ஒன்றில் உட்கார்ந்தால் இன்னொன்று எதிரே தெரியும்.

தேர்வுக்கு மறுநாள் மாலை அவர் போனபோது சின்னவள் மெஷினுக்குள் கையை விட்டுச் சிக்கிய காகிதத்தை இழுத்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க அத்தான். உங்க பரீட்சை கதைதான் ரெண்டு நாளா இங்க ஓடுது. அந்தத் தையல்காரர் பொண்ணுக்குக் கண்ணுல கோளாறாமே?”

“யார் சொன்னா?”

“யார் சொல்லல? ஏழாம் நம்பர் வந்தது ஒம்போது பேருக்கு. எட்டுப் பேரு தீ செங்கல் நெறத்துல எரிஞ்சுதுன்னு எழுதியிருக்கான். இவ ஒருத்தி பச்சைன்னு எழுதியிருக்கா. எட்டுப் பேரும் அமிலம் விட்டதும் பொங்குச்சுங்கிறான். இவ பொங்கவே இல்லைங்கிறா. வாங்கின கேலி கொஞ்சமில்ல. ஒருத்தன் இலையைக் காட்டி ‘இது என்ன செவப்பு?’ங்கிறான். எருமை.”

அவர் டப்பாவை வாங்காமல் நின்றார்.

“மத்தியானம் இங்க வந்தா அத்தான். கலர் காகிதக் கட்டெல்லாம் எடுக்கச் சொல்லி, ‘அக்கா, இது செவப்புதானே, இது பச்சைதானே’னு ஒவ்வொண்ணா கேட்டா. எல்லாம் சரியாத்தான் சொன்னா. சொல்லிட்டு, ‘அப்ப எட்டுப் பேருக்கும் எப்படிக்கா செவப்பாத் தெரிஞ்சுது?’ன்னா. நான் என்னத்தைச் சொல்ல? எனக்கு ரெண்டு பக்கமும் அடிக்கத் தெரியும், அவ்வளவுதான். அவங்கப்பா நாளைக்குக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாராம். அவர்தான் சொல்லி மாய்ஞ்சார். துணிக்கு ஏத்த நூலு எடுத்துக் குடுக்கிறது அவதானாம், அஞ்சு வயசுலேருந்து. நேத்திலேருந்து தொடமாட்டேங்குறாளாம். ‘நீங்களே எடுங்கப்பா, எனக்கு நம்பிக்கையில்ல’ங்குறாளாம்.”

மெஷின் சிக்கலை விடுவித்துக்கொண்டு தானாக ஒரு வெற்றுக் காகிதத்தைத் தள்ளியது.

“பச்சையா எழுதினா?”

“பச்சைதான். ஏன் அத்தான் மூஞ்சி இப்படிப் போவுது? சோறு?”

அவர் சாலையைப் பாதி கடந்துவிட்டிருந்தார். ஒரு சைக்கிள்காரன் திட்டிக்கொண்டே விலகினான்.

ஆய்வகத்தைத் திறந்து, ஏழாம் புட்டியை எடுத்து, சின்னக் கண்ணாடித் தட்டில் கொஞ்சம் தூளைத் தட்டினார். வெள்ளையாகத்தான் இருந்தது. சாக்பீஸ் தூளும் வெள்ளைதான். ஒரு சொட்டு அமிலம் விட்டார். சாக்பீஸ் என்றால் சோறு பொங்குவதுபோல் பொங்கவேண்டும். தூள் அசையாமல் நனைந்து கிடந்தது. அதைக் கண்ணாடிக் கோலின் நுனியில் எடுத்துத் தீயில் காட்டினார்.

பச்சை. மழை விட்ட மறுநாள் கிளையில் வரும் தளிரின் பச்சை.

இருபத்திரண்டு வருடமாக அந்த நிறம் அவருக்குத் தெரியும். டீச்சரின் பட்டியலில் ஏழாம் எண் என்றைக்கும் பேரியம்தான். ‘ஏழு, பேரியம்’ என்று வாசிக்கும்போது மட்டும் அவள் குரல் ஒரு படி ஏறும். அந்தப் பச்சை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். ஒவ்வொரு வருடமும் சன்னல்களைச் சாத்தி, வகுப்பு முழுவதற்கும் காட்டுவாள். புது சார், பேரியம் நச்சு, பிள்ளைகள் கையில் வேண்டாம் என்று அதைப் பட்டியலை விட்டே எடுத்திருந்தார். பட்டியலில் கால்சியம் என்று எழுதியிருந்தது. கண் கால்சியத்தைத்தான் பார்த்தது. ஆனால் வாசித்தது அவள் குரல். அவள் குரலுக்கு ஏழு என்றால் பேரியம். திருப்பிச் சொன்ன குரலும் அதையே சொன்னது. கை பழைய அலமாரிக்கு, பழைய இடத்துக்கு, தானாகப் போயிருக்கிறது.

அவர் தீயை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். எட்டுப் பேர். இதே பச்சையைக் கண்ணுக்கு நேரே பார்த்து, செங்கல் என்று எழுதியிருக்கிறார்கள். பொங்காததைப் பொங்கியது என்று எழுதியிருக்கிறார்கள். சிலர் தீயைப் பற்றவைத்திருக்கவே மாட்டார்கள். அவர் கையைத் தட்டினார், அவர்கள் ‘சரி’ என்று எழுதினார்கள்.

*

காலையில் தலைமையாசிரியர் அறையில் பரிசோதகர் மதிப்பெண் தாளை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கு அரக்கு வைத்து அனுப்பவேண்டும். லேப் அண்ணன் ஏழாம் புட்டியை மேசையில் வைத்தார். சொல்லவேண்டியதை நின்றுகொண்டே சொன்னார். தப்பான உப்பை நிரப்பியது, கையைத் தட்டிக் காட்டியது, இரண்டும். யார் ‘பாத்துக்கங்க’ என்றார்கள் என்பதைச் சொல்லவில்லை. தலைமையாசிரியர் மேசை மீது காகிதம் பறக்காமல் வைத்திருந்த உருண்டைக் கண்ணாடியைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

பரிசோதகர் அந்தப் பெண்ணின் தாளை உருவி எடுத்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சத்தமாக வாசித்தார். “‘அமிலம் விட்டேன். நுரை வரவில்லை. ஒருவேளை நான் கைதவறிக் குறைவாக விட்டேனோ என்று இரண்டாம் முறையும் விட்டேன். வரவில்லை. தீயில் பச்சை. இது பேரியமாக இருக்கலாம். பேரியம் இந்த வருடப் பட்டியலில் இல்லை என்று தெரியும். ஆனாலும் பச்சை.’” தாளை மடியில் வைத்துக்கொண்டார். “சைபர் போட்டிருக்கேன்யா. நான் விடையைப் பாத்தேன். தீயைப் பாக்கல. முட்டி வலின்னு உக்காந்துட்டேன்.”

தலைமையாசிரியருக்கு மூச்சு திரும்ப வந்தது. “போச்சு விடுங்க. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. அந்தப் பொண்ணுக்கு முழு மார்க் போட்டுருவோம். மத்தவங்க மார்க் அப்படியே இருக்கட்டும். யாருக்கும் நஷ்டமில்ல. வெளிய மட்டும் மூச்சு விடவேணாம். அந்தப் பொண்ணுகிட்டயும்தான். அவ வாய் சும்மா இருக்காது. லேப் அண்ணே, நீங்க ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கு. டீச்சர் பேரும் இதுல அடிபடவேணாம். என்ன, சரிதானே?”

லேப் அண்ணன், ஆய்வகத்தில் பட்டியலைத் திருப்பிச் சொல்கிற அதே குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

“எட்டுப் பேர் பாக்காததை எழுதினாங்க. அவங்களுக்கு மார்க். ஒருத்தி பாத்ததை எழுதினா. அவளுக்கும் மார்க். ஆனா அவ பாத்தது நெசம்னு அவளுக்குச் சொல்லக்கூடாது. அவ கண்ணாஸ்பத்திரிக்குப் போகட்டும்.” நிமிர்ந்தார். “இதுதானே சார் சொன்னீங்க? நான் கேட்டது தப்புன்னா சொல்லுங்க.”

உருண்டைக் கண்ணாடி சுற்றுவது நின்றது.

பரிசோதகர்தான் முதலில் அசைந்தார். உறையிலிருந்து மதிப்பெண் தாளை வெளியே இழுத்தார். “எட்டுப் பேரையும் கூப்பிடுங்க சார். திரும்ப வைப்போம். இந்தத் தடவை நான் நின்னுக்கிட்டிருக்கேன்.”

*

சந்தேகம் பத்து மணிக்கு அப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். லேப் அண்ணன் தையல் கடை வாசலில் போய் நின்று, “ஆய்வகத்துக்கு ஒரு நிமிஷம் வாம்மா” என்றார். தையல்காரர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு பின்னாலேயே வந்தார்.

சன்னல்களைச் சாத்தி, தீயைச் சிறிதாக்கி, அவர் ஏழாம் புட்டித் தூள் ஒட்டிய கோலை அதில் காட்டினார். அறையின் சுவரெல்லாம் ஒரு கணம் இளம்பச்சையானது.

“என்ன நெறம்?”

“நீங்க மொதல்ல சொல்லுங்கண்ணே.”

“பச்சை.”

“எப்படித் தெரியும்?”

டீச்சரின் கேள்வி. இந்த அறையில் ஆயிரம் தடவை கேட்ட கேள்வி. “பாக்குறேன்ம்மா. இப்பதான் பாக்குறேன்.”

தையல்காரர், “எனக்கும் பச்சைதான் தெரியுது. பட்டன் தைக்கிற நூல்ல நாலாம் நம்பர்” என்றார், யாராவது தன்னையும் கேட்பார்களா என்று காத்திருந்தவர்போல.

லேப் அண்ணன் நடந்ததைச் சொன்னார். அவள் கேட்டு முடித்துவிட்டு, பட்டன் நூலைப் பற்றியோ, மதிப்பெண்ணைப் பற்றியோ பேசவில்லை.

“அன்னைக்கு என் மேசைகிட்ட வந்தீங்களே. பச்சையா எரிஞ்சுக்கிட்டுதானே இருந்துச்சு? அன்னைக்கு ஏண்ணே பாக்கல?”

அவள் பதிலுக்கு நிற்கவில்லை. வாசல் வரை போய்விட்டுத் திரும்பினாள். “டீச்சரா இருந்தா பாத்திருப்பாங்க” என்றாள். குத்துவதற்காகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னாள். அப்பாவும் மகளும் மைதானத்தைக் கடந்து போவதைச் சன்னல் வழியே பார்த்தார். நடுவழியில் தையல்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு துணித் துண்டை எடுத்து நீட்ட, அவள் அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்து ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டினார்.

எட்டுப் பேரில் ஐந்து பேர் இரண்டாம் முறை பார்த்து எழுதித் தேறினார்கள். மூன்று பேர் தவறினார்கள். அதில் ஒருவனின் அம்மா ஆய்வக வாசலில் வந்து நின்று ஒரு மணி நேரம் வைதாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

பத்தாம் நாள் கல்வி அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. ஆய்வகச் சாவியை ஒப்படைக்கவேண்டும், இனி அவருக்குப் பழைய மேசை நாற்காலிகள் போட்டுவைக்கும் அறையில் வேலை. கூடவே, தவறு நேர்ந்தது எப்படி என்று எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருந்தார்கள். சின்னவள் கடையில் ஒரு வெள்ளைத் தாள் வாங்கிக்கொண்டார்.

“நீளமா எழுதாதீங்க அத்தான். உடம்பு சரியில்ல, கண்ணு மங்கிருச்சுன்னு எழுதிருங்க. விட்டுருவாங்க.”

“கண்ணு நல்லாத்தான் இருக்கு” என்றார்.

ஆய்வகத்தில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். வெயில் மேசைத் தழும்புகளின் மேல் நகர்ந்தது. இரண்டு தாள் கிழித்தார். மூன்றாவதில் மூன்று வரிதான் எழுதினார். எழுதியதை, பிழை இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, தன் குரலிலேயே வாசித்தார்:

“பட்டியலை வாசித்தவன் நான். திருப்பிச் சொன்னவனும் நான். அதனால் தப்பைப் பிடிக்க ஆள் இல்லை.”

வாசித்துவிட்டு, பழக்கத்தில், டீச்சர் உட்காரும் எதிர்ப் பக்கத்து முக்காலியைப் பார்த்து, வாசித்தது திரும்ப வருவதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.